தண்ணீருக்குள் இறங்கியது யார்?

கல்கத்தாக் கப்பல் வந்த மூன்றாம் நாள், தீவின் அபர்டீன் பஜாரில் நாகூர் கனியின் சிப்பிக் கடைக்கு ஒரு தடித்த உறை வந்து சேர்ந்தது. பாழாய்ப்போன அந்த உறைக்காக அவர் மனைவி ஜன்னத் பீவி இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. தபால்காரர் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போனதும் அவள் ஓடி வந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே இருப்பது செத்துப்போன மகளின் பெயருக்கான தீர்ப்பு அல்லவா?

விஷயம் இதுதான். நாகூர் கனிக்கு வியாபாரம் சிப்பி. பொத்தானுக்குப் போகிற சிப்பி, விளக்குமேல் மூடியாகக் கவிழ்க்கிற சங்கு, மாலை கோக்கிற சோழி என்று கடை நிறையக் கிடக்கும். நடுவில் ஏதாவது விசித்திரமாகக் கண்ணில் பட்டால், கல்கத்தாவில் இருக்கும் ஒரு பேராசிரியருக்குப் பார்சல் கட்டி அனுப்புவார். கூடவே ஒரு கடிதம் போகும். கையெழுத்துக்குக் கீழே ‘சேகரித்தவர்’ என்று தமிழில் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுப்பார். அந்தக் கோட்டை இழுக்கும்போது மனுஷர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பஜாரில் யார் யாரோ பணம் சம்பாதித்தார்கள். விஞ்ஞானியோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

1963-ல் அவர்களுடைய ஒரே மகள் மஸூதா கார்பின்ஸ் கோவ் கடலில் போய்விட்டாள். ஒன்பது வயது. வாப்பாவோடு சிப்பி பொறுக்கப் போனவள். தான் மணலில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்ததாகவும், ஓரத்தில் கால் நனைத்து விளையாடிய பிள்ளையை ஒரு பெரிய அலை இழுத்துக்கொண்டு போனதாகவும், கரைக்குத் தூக்கி வந்தபோது உயிர் போய்விட்டதாகவும் நாகூர் கனி சொன்னார். அன்றைக்கு மணலில் பொறுக்கியதாக அவர் சொன்ன ஒரு சின்ன நத்தை, கட்டைவிரல் நகம் அளவு, நீலக் கோடு போட்டது, அவர் பெட்டியில் கிடந்தது. பல மாதம் கழித்து அதைப் பேராசிரியருக்கு அனுப்பினார். பேராசிரியர் துள்ளிக் குதித்துப் பதில் எழுதினார். உலகத்தில் இதுவரை எவரும் பெயர் வைக்காத நத்தை இது, உங்கள் பெயரையே வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், என் மகள் பெயரை வையுங்கள் என்று இவர் எழுதினார்.

அச்சாகி வந்த பக்கத்தைக் கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார்கள். நத்தையின் பெரிய படம். அடியில் லத்தீன் வால் ஒட்டிய மஸூதாவின் பெயர். அதற்கும் அடியில் இரண்டு வரி: ‘கார்பின்ஸ் கோவ் மணலில் பொறுக்கியவர் நாகூர் கனி. அவருடைய காலஞ்சென்ற மகளின் நினைவாக.’ ஜன்னத் பீவிக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் அந்த இரண்டு வரியும் கேட்டுக் கேட்டு மனப்பாடம். பிள்ளை இருந்த காலத்தில் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. அவளுக்கு மிஞ்சியது இந்தக் கண்ணாடி ஒன்றுதான். தினமும் காலையில் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுத்தான் அடுப்பையே பற்றவைப்பாள்.

இரண்டு மாதம் முன்னால் அதற்கும் கேடு வந்தது. வெகு காலத்துக்கு முன் ஒரு பாதிரியார் தரங்கம்பாடியிலிருந்து நிக்கோபாருக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, பூச்சி பூண்டு நத்தை எல்லாவற்றையும் பிடித்து, டென்மார்க்கில் இருந்த ஒரு டாக்டருக்கு அனுப்பியிருக்கிறாராம். இரண்டு பேரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இப்போது கிடைத்திருக்கின்றனவாம். அதில் இதே நத்தையின் படம் இருக்கிறதாம். அவர்கள் அப்போதே பெயர் வைத்திருந்தால் முதலில் வைத்த பெயர்தான் செல்லும், மஸூதாவின் பெயரை அடித்துவிட நேரும், நகலை வரவழைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று பேராசிரியர் எழுதியிருந்தார்.

“ஒரு தடவ புள்ளைய மண்ணுக்குக் குடுத்தேன். மறுபடியும் குடுக்கணுமா மச்சான்?” என்று அன்றைக்கு அழுதவள்தான் ஜன்னத் பீவி. அந்த அழுகை இன்னும் முழுசாக நிற்கவில்லை.

மத்தியானம் சொக்கலிங்கம் வந்தார். துறைமுக ஆபீஸ் குமாஸ்தா. புரோத்ராபூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறவர். நாகூர் கனிக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதித் தருவதும் வந்ததைப் படித்துத் தமிழில் சொல்வதும் அவர்தான். நல்ல மனுஷர். என்ன, எதையும் சட்டென்று சொல்லிவிட மாட்டார். சினிமாக் கதை சொல்கிற மாதிரி ஆரம்பத்திலிருந்து வந்தால்தான் அவருக்குத் திருப்தி.

“கடைசிப் பக்கத்த மொதல்ல வாசிங்கண்ணே. பேரு நிக்கிதா, போவுதா? அத மட்டும் சொல்லுங்க” என்றாள் ஜன்னத் பீவி.

“அரே, இருங்க தங்கச்சி! நூத்தி நாப்பது வருஷத்துக் கடிதம். இங்கிலீஷ்ல மாத்தி அனுப்பியிருக்காரு புரொபசர் சாப். மொதல்லேர்ந்து போனாத்தானே புரியும்?” என்று மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் மட்டும் அன்றைக்குக் கடைசிப் பக்கத்தை முதலில் படித்திருந்தால், மற்றதை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

முதல் கடிதம் பாதிரியார் எழுதியது. பன்னிரண்டு நத்தைகளைப் பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறேன், அவற்றில் நீலக் கோடு போட்ட ஒன்றை நானே மணலில் பொறுக்கினேன் என்று இருந்தது. அந்தக் கடிதம் போய்ச் சேரப் பதினொரு மாதம் ஆயிற்றாம். “நம்ம தபாலே தேவல பாய்!” என்று சிரித்தார் சொக்கலிங்கம். நாகூர் கனியும் சிரித்தார்.

இரண்டாவது, டாக்டரின் பதில். சொக்கலிங்கம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“‘நண்பரே, மணலில் பொறுக்கியதாக எழுதியிருக்கிறீர். ஆனால் நத்தையின் வாயில் மூடி அப்படியே இருக்கிறது. செத்துக் கரை ஒதுங்குகிற நத்தைக்கு மூடி இருக்காது. உள்ளே சதை அழுகியதும் அது கழன்று விழுந்துவிடும். மேல்தோலும் தேயவில்லை. இது உயிரோடு பாறை இடுக்கிலிருந்து எடுத்தது. எனக்கு உண்மையை எழுதும். தண்ணீருக்குள் இறங்கியது யார்?’”

“போதும், போதும் சொக்கலிங்கம்” என்றார் நாகூர் கனி. “கடைசிப் பக்கத்துக்குப் போங்க. அவளுக்கு அதான் வேணும்.”

“அட என்ன பாய், சரியான இடத்துல நிறுத்தச் சொல்றீங்க!” என்று சொக்கலிங்கம் அடுத்த தாளைப் புரட்டிவிட்டார். அது பாதிரியாரின் பதில்.

“‘உமக்குப் பொய் எழுதினேன். தரங்கம்பாடியிலிருந்து கூட்டி வந்த சங்கு குளிக்கிற ஒருவன் இறங்கினான். காற்று மாறியிருந்தது, இன்றைக்கு வேண்டாம் என்று அவன் சொன்னான். நான்தான் இறங்கு என்றேன். நத்தையை மேலே நீட்டினான், வாங்கிக்கொண்டேன். அடுத்த அலையில் அவனைக் காணவில்லை.’ அடக் கடவுளே! டாக்டர் என்ன எழுதுறாரு பாருங்க. ‘வருந்துகிறேன். நத்தை இதுவரை எவரும் பார்க்காதது. இன்னும் நான்கு கிடைத்தால் அனுப்பவும்.’ அடப்பாவிகளா! செத்தவன் பேரக்கூட ரெண்டு பேரும் எழுதலையே!”

ஜன்னத் பீவி சுவரைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் நத்தை இருந்தது. அதன் வாய் திறந்திருக்கவில்லை. பழுப்பு நிறத்தில் வட்டமாக ஒரு மூடி, விளிம்பு பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

அவள் கீழக்கரைக்காரி. சங்கு வியாபாரி மகள். கடலிலிருந்து உயிரோடு வந்த சங்கு எது, செத்து ஒதுங்கியது எது என்று பத்து வயதிலேயே பிரித்துப் போட்டவள். மூடியைப் பார்த்தாலே போதும், கேள்வியே வேண்டாம். அப்படிப்பட்டவள் தினம் தினம் அந்த மூடியைத் துடைத்திருக்கிறாள், ஒருநாள்கூட அது அவள் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? அவள் நத்தையையா பார்த்தாள்? பிள்ளையை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்!

அடக்கத்துக்கு முன் பிள்ளையின் மய்யித்தைக் குளிப்பாட்டியது அவளேதான். பிள்ளையின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும் நீளநீளமாகச் சிராய்ப்பு. இடது கையில் ஒன்றுமில்லை, முகத்தில் ஒன்றுமில்லை, காலில் ஒன்றுமில்லை. அலை பாறையில் போட்டு இழுத்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, அந்தக் கைக்கு மட்டும் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினாள். ஒரு கையை மட்டும் பார்த்துச் சிராய்க்குமா அலை? யா அல்லாஹ், இதைக் கேட்க இரண்டு வருஷம் ஆயிற்றா எனக்கு?

“ஆஹா! ஜெயிச்சாச்சு!” என்று சொக்கலிங்கம் மேசையைத் தட்டினார். கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். “புரொபசர் எழுதுறாரு: ‘கடிதத்தில் எழுதியது எங்கள் துறையில் கணக்கில் இல்லை. அச்சில் வந்ததுதான் கணக்கு. அவர்கள் இந்த நத்தையைப் பற்றி எங்கேயும் அச்சிடவில்லை என்று தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். உங்கள் மகளின் பெயர் என்றைக்கும் நிற்கும்.’ மிட்டாய் எங்க தங்கச்சி? இன்னிக்கு விடமாட்டேன்!”

யாரும் சிரிக்கவில்லை. சொக்கலிங்கம் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மச்சான்” என்றாள் ஜன்னத் பீவி. “தண்ணிக்குள்ள யாரு எறங்குனா?”

நாகூர் கனி காலி உறையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

“மூடி இருக்கு மச்சான். நான் சங்கு பாத்து வளந்தவ. எங்கிட்ட மணல்ல பொறுக்குனதுங்காதீங்க. யாரு எறங்குனா?”

“என் கை போவல ஜன்னத்து” என்றார் அவர். “சின்ன இடுக்கு. உள்ள நீலமா மின்னுச்சு. இதுவரைக்கும் பாக்காதது. வாப்பா, நான் எடுக்கட்டுமான்னு அவதான் கேட்டா.”

“அவளா கேட்டா?”

கடைக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“இல்ல. நாந்தான் சொன்னேன். பயமா இருக்கு வாப்பான்னா. ஒண்ணும் ஆவாது, கைய விடுன்னேன். தோளு வரைக்கும் விட்டுட்டா. எடுத்துட்டேன்னு கத்துனா. அதுக்குள்ள அலை வந்திருச்சு. கை வெளிய வரல ஜன்னத்து. நான் இழுத்தேன். இழுத்து இழுத்துப் பாத்தேன். மூணு அலை தலைக்கு மேல போனப்புறந்தான் கை வந்துச்சு.”

சொக்கலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் அதைச் சட்டையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

“நத்தை?” என்று கேட்டாள் ஜன்னத் பீவி.

“கரையில போட்டப்ப... கை மூடியிருந்துச்சு.”

“யாரு தொறந்தா?”

“ஆளுங்க ஓடி வர்றதுக்குள்ள நாந்தான்...” அதற்குமேல் அவரால் முடியவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. செத்த பிள்ளையின் விரலைப் பிரித்து எடுத்துப் பையில் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். நிஜமாகத்தான் அழுதார், அவள் பார்த்தாள். பிறகு அதைப் பஞ்சில் சுற்றி, பார்சல் கட்டி, கீழே பெயர் போட்டு, கோடும் இழுத்திருக்கிறார். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிய அந்தப் பாதிரியாவது அடுத்த கடிதத்தில் ஒப்புக்கொண்டார். இந்த மனுஷரோடு அவள் ஒரே சட்டியில் சோறு தின்றிருக்கிறாள்.

எழுந்து போய்க் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றினாள். உடைக்கப் போகிறாள் என்று நினைத்துச் சொக்கலிங்கம் பதறி எழுந்தார். அவள் அதை மேசைமேல் அவர் முன்னால் வைத்தாள்.

“அண்ணே, பேனா எடுங்க. புரொபசருக்கு எழுதணும். மணல்ல பொறுக்குனதுன்னு போட்டது பொய். பாறை இடுக்குல கைய விட்டு எடுத்தது மஸூதா. வயசு ஒம்போது. எறங்கச் சொன்னது அவ வாப்பா. அந்தக் கை மாட்டியே மவுத்தாப் போச்சு புள்ள. அப்புடியே எழுதுங்க. அச்சுல மாத்திப் போடச் சொல்லுங்க.”

“தங்கச்சி...” சொக்கலிங்கம் தயங்கினார். “எழுதிடறேன். புரொபசருக்குத் தெரிஞ்சாப் போதாதா? கடிதத்தோட இருக்கட்டுமே. அச்சுல எல்லாம் எதுக்கு? ஊரே படிக்கும்.”

“கடிதம் கணக்குல இல்லன்னு இப்பத்தானே வாசிச்சீங்க?” என்றாள் ஜன்னத் பீவி.

அவர் எழுதினார். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டாள். சரி என்று தலையாட்டி, தாளை வாங்கி நாகூர் கனியின் முன்னால் வைத்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷத்துப் பழக்கம் விடுமா? கை தானாகக் கீழே இறங்கி, ‘சே’ என்று ஆரம்பித்துவிட்டது. ஜன்னத் பீவி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பேனாவைப் பிடுங்கினாள்.