ஏழு, பதினொன்று, பத்தொன்பது

அருளானந்தன் விதியை மீறவில்லை. அதை அவர் முதலிலேயே றொனால்டிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ரொம்சோஸ் என்ற புறநகரில் இருக்கும் தமிழ் ஒன்றியம் மண்டப வாடகைக்காக மாதம் ஒரு லொத்தர் நடத்தி வந்தது. ஒரு துண்டு ஐம்பது குரோனர். ஒன்றிலிருந்து இருபது வரையுள்ள எண்களில் மூன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றும் விழுந்தால் இருபதாயிரம்; அந்தப் பரிசுக் காசை அங்குள்ள தமிழ்க் கடைக்காரர்கள் பொறுப்பேற்றிருந்தார்கள். விழாவிட்டால் அந்தப் பரிசு அடுத்த மாதப் பரிசோடு சேரும். தை மாதத்திலிருந்து யாருக்குமே விழவில்லை. வைகாசியில் பரிசு ஒரு லட்சமாகி நின்றது.

அருளானந்தன் ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவர். கடையில் இரண்டு பால்பெட்டிகளைப் பார்த்தால் எது லாபம் என்று மனம் தானாகக் கூட்டிக் கழிக்கும். லொத்தர் அறிவித்தலைப் பார்த்தபோதும் அப்படித்தான் நடந்தது. இருபது எண்களில் மூன்றை ஆயிரத்து நூற்று நாற்பது விதமாகத்தான் எடுக்கலாம். அத்தனையையும் வாங்கினால் ஐம்பத்தேழாயிரம். பரிசு ஒரு லட்சம். விழாமல் போக வழியே இல்லை.

"ஒரு ஆள் எத்தினை துண்டும் வாங்கலாமோ?" என்று லொத்தருக்குப் பொறுப்பான றொனால்டைக் கேட்டார்.

"வாங்கலாம் அண்ணை. வாங்கினால் ஒன்றியத்துக்குத்தானே நல்லது" என்று சிரித்தான் றொனால்ட். எத்தனை என்று கேட்டதும் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒன்றரை வருஷ வாடகை அண்ணை இது. நான் ஒருத்தருக்கும் மூச்சு விட மாட்டன்" என்றான்.

மூச்சு விடாதே என்று அருளானந்தன் கேட்கவில்லை. கேட்காமலே அவன் சொன்னது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இருந்தாலும் கைப்பேசியில் விப்ஸ் செயலி வழியாகக் காசை அனுப்பினார்.

வேலை முடிந்து வந்து குசினி மேசையில் இருந்து துண்டுகளை எழுதினார். மனைவி வசந்தமலர் ஒரு துண்டுகூட எழுதித் தரவில்லை.

"இது களவில்லை" என்றார் அவர்.

"களவெண்டு நான் சொன்னனானே? ஆனால் ஆக்கள் ஆசைக்கு ஒண்டு ரெண்டு வாங்குறது. அதுக்குள்ளை நீங்கள் கடலையே குத்தகைக்கு எடுத்துக்கொண்டு போறியள்."

"ஒரு ஆபத்துத்தான் இருக்கு. விழுற எண்ணை வேறை ஆரும் எழுதியிருந்தால் பரிசு பாதியாகும். மற்றவை வாங்கிறது நூற்றைம்பது துண்டுக்குள்ளை. எட்டிலை ஒரு பங்குதான் அதுக்கு வாய்ப்பு."

வசந்தமலர் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

சீட்டிழுப்பு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒன்றியத்தின் கோடை ஒன்றுகூடலில் நடந்தது. வெளியே இறைச்சி வாட்டும் புகை. உள்ளே றொனால்ட் ஒரு சட்டிக்குள் கையை விட்டு மூன்று பந்துகளை எடுத்தான். ஏழு. பதினொன்று. பத்தொன்பது. பிறகு துண்டுகளைக் கிளறிப் பார்த்து ஒலிவாங்கியில், "ரெண்டு பேருக்கு விழுந்திருக்கு! ஆளுக்கு ஐம்பதாயிரம்! ஒண்டு எங்கடை அருளானந்தன் அண்ணை. மற்றது மக்டலீன் அக்கா" என்றான்.

அருளானந்தனுக்கு முதலில் தோன்றியது ஏழாயிரம் நட்டம் என்பதுதான். பிறகு எவ்வளவோ விடயங்கள் நடந்தன. ஆனால் அந்த முதல் எண்ணத்தை அவரால் கடைசி வரை மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் மக்டலீன் அழுதுகொண்டே அவரை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அவள் எலியாஸின் மனைவி. எலியாஸும் அருளானந்தனும் இருபது வயதில் ஒன்றாக நாட்டின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்டுக்குப் போய் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். எலியாஸ் இதயம் நின்று இறந்து இரண்டு வருடமாகப் போகிறது. மக்டலீன் வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் மறக்கேல்லை அண்ணை. நான் நினைச்சனான், என்னைத் தவிர ஒருத்தருக்கும் ஞாபகமிராதெண்டு."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே ஒலிவாங்கியை வாங்கிச் சபைக்குச் சொன்னபோதுதான் விளங்கியது.

"பதினோராம் மாதம் பத்தொன்பதாம் திகதி. அண்டைக்குத்தான் இவையள் ரெண்டு பேரும் ஹம்மர்பெஸ்டிலை வந்து இறங்கினவை. ரெண்டு பேருக்கும் குடுத்தது ஏழாம் நம்பர் அறை. எலியாஸ் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளிலை பாற்சோறு பொங்கச் சொல்லுவார். ஒவ்வொரு மாதமும் நான் இந்த நம்பரைத்தான் எழுதுறனான். அண்ணையும் அதையே எழுதியிருக்கிறார். எலியாஸ் போனாப் பிறகும் எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடிச்சு வைச்சிருக்கிறார்."

மண்டபம் கைதட்டியது. சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். றொனால்ட் மட்டும் கீழே குனிந்து பந்துகளைச் சட்டிக்குள் போட்டான். அருளானந்தன் வாயைத் திறந்தார். ஆனால் மக்டலீனின் முகத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். எல்லோரும் ஓம் என்றே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் அந்தத் திகதியை நினைவில் தேடினார். இருட்டு இருந்தது, பனி இருந்தது, தொழிற்சாலையின் மீன் நாற்றம் இருந்தது. கையுறை இல்லாமல் விறைத்துப்போன அவருடைய விரல்களை எலியாஸ் தன் அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கியது இருந்தது. திகதி இல்லை. அறை எண் இல்லை.

அடுத்த வாரம் மக்டலீன் அவர்களுடைய வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்து தோள் பிடித்துப்போயிருந்ததால் மேலங்கியை வசந்தமலர்தான் கழற்றிவிட வேண்டியிருந்தது.

"எலியாசின்ரை குழிக்கு இன்னும் கல்லு வைக்கேல்லை. இந்தக் காசிலை வைச்சிடுவன்" என்றாள். "தோள் நோவு மாறுமட்டும் சம்பளமில்லாமல் கொஞ்ச நாள் நிக்கலாமோ எண்டும் யோசிச்சனான். அது பிறகு பாப்பம். கல்லு போதும்."

ஒரு லட்சமாக இருந்திருந்தால் இரண்டும் நடந்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை. அவள் மனதில் அது தோன்றியதாகவும் தெரியவில்லை. கணக்குப் போட்டது அருளானந்தன்தான்.

அவர் அறைக்குள் போய்க் கைப்பேசியை எடுத்து வந்தார். "என்ரை பங்கையும் உமக்கே அனுப்பிவிடுறன், மக்டலீன். நீர் வைச்சிரும்."

"என்ன கதை அண்ணை இது!" அவள் உண்மையிலேயே பதறினாள். "அது எலியாஸ் உங்களுக்குத் தந்தது. அதை நான் வாங்கினால் அவருக்கு அடுக்காது. அடுத்த மாதம் ரெண்டாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. பிறகு சாப்பாட்டு நேரத்திலை நீங்கள்தான் எழும்பிக் கதைக்க வேணும். அந்த ஹம்மர்பெஸ்ட் கதையளைச் சொல்லுங்கோ. எங்கடை மேரினுக்குத் தகப்பன்ரை அந்தக் காலம் ஒண்டும் தெரியாது."

அவள் போன பிறகு வசந்தமலர் மேசையைத் துடைத்தாள்.

"சொல்லப் போறன்" என்றார் அருளானந்தன்.

"ஆருக்காக?" வசந்தமலர் அவரை நேரே பார்த்தாள். "சொன்னால் உங்கடை பாரம் இறங்கும். அப்பிடியே அவவின்ரை தலையிலை ஏறும். அவ சந்தோஷமாய் இருக்கிறா."

"சொல்லாமல் காசு குடுத்தால் வாங்க மாட்டா. அந்தக் காசு அவவின்ரை."

வசந்தமலர் துடைத்த துணியை உதறிக் காயப்போட்டாள்.

அவர் ஒரு சனிக்கிழமை காலை மக்டலீனின் வீட்டுக்குத் தனியாகப் போனார். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து வைக்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு, எங்கேயாவது நிறுத்தினால் முடிக்க மாட்டோம் என்ற பயத்தில், ஒரே மூச்சாகச் சொன்னார். எல்லா எண்களையும் வாங்கியதை, லாபம் பார்த்ததை, அந்த மூன்று எண்ணும் ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்றாக இருந்ததை.

"நான் குறுக்கை வராட்டில் ஒரு லட்சமும் உமக்கு" என்று முடித்தார்.

மக்டலீன் கோபப்படுவாள் என்று நினைத்திருந்தார். அவள் தேநீர்க் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"அப்ப அந்தத் திகதி உங்களுக்கு ஞாபகமில்லையா?"

"இல்லை."

"அறை?"

"இல்லை, மக்டலீன்."

"அவர் சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டு இருந்தவர். அருளும் நானும், அருளும் நானும் எண்டு."

அவள் எழுந்து ஜன்னலடிக்குப் போய் நின்றாள். கீழே புல்வெளியில் யாரோ பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். காசைப் பற்றி அவள் ஒரு சொல் கேட்டிருந்தால் அருளானந்தனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதற்கு அவரிடம் மறுமொழி இருந்தது.

திரும்பி வந்தபோது அவளுடைய முகம் காய்ந்திருந்தது.

"காசை அனுப்புங்கோ. நான் வாங்குறன். என்ரை தோளுக்கு வேணும்."

"இப்பவே அனுப்புறன்."

"திருப்பலிக்கு வாங்கோ. ஆனால் எழும்பிக் கதைக்க வேண்டாம். வந்து இருந்தால் காணும்."

கைப்பேசியில் காசு போய்ச் சேர்ந்த சத்தம் மேசையின் மறுபக்கத்தில் கேட்டது. அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை. அவர் எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். படிகளில் இறங்கும்போது நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

திருப்பலி முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. அருளானந்தன் கடைசி மேசையில் இருந்தார். ஒன்றுகூடலில் கைதட்டிய அதே ஆட்கள் வந்து அவருடைய தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். சிநேகிதன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் தன் மகனிடம் காட்டிச் சொன்னார். அவர்களில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

சோறு பரிமாறி முடிந்ததும் ஒரு குரல் எழுந்தது. "அருளானந்தன் அண்ணை ரெண்டு வார்த்தை கதைக்கட்டும்!" மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேரின் தன் கதிரையை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

அருளானந்தன் மக்டலீனைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தார். சொல்லட்டும் என்றும் நினைத்தார்.

மக்டலீன் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அண்ணையைக் கரைச்சல்படுத்தாதேங்கோ. அவருக்குத் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கு."

"ஐயோ பாவம்" என்றார்கள். யோகராணி என்றொருத்தி குசினிக்குள் ஓடி, கொத்தமல்லி அவித்து ஒரு கோப்பையில் சுடச்சுடக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"குடியுங்கோ அண்ணை. உடனை கேட்கும்."

மேசையில் இருந்த எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருளானந்தன் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து, அடி தெரியும் வரை குடித்தார்.