பாத்திரத் தொட்டியில் கிடைத்த மருந்து

தையற்காரருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்த பிறகு புண் ஆறவேயில்லை. சீழ் வைத்தபடியே இருந்தது. மாற்றி மாற்றிப் போட்ட ஊசிகளை எல்லாம் அந்தக் கிருமி ஏப்பம் விட்டுவிட்டுச் சட்டமாய் உட்கார்ந்திருந்தது.

அவர் மனைவிக்கு இது பெரிய அவமானம். கதவுக் கைப்பிடியைக்கூடச் சோப்புப் போட்டுத் துடைக்கிறவள். அவள் புருஷனுக்கா கிருமி?

"இந்தக் கிருமியை மட்டும் தேடிப் பிடிச்சுக் கொல்ற வைரஸ் இருக்கும்மா. மனுஷனை ஒண்ணும் பண்ணாது," என்றார் டாக்டரம்மா.

"எங்க கிடைக்கும் டாக்டர்?"

"சாக்கடையில."

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கட்டிலில் கிடந்த தையற்காரர், "என் காலே சாக்கடையாத்தான் நாறுது. போடச் சொல்லு," என்றார்.

வைரஸை மட்டும் பிரித்து, வளர்த்து, சுத்தம் செய்துதான் போடுவார்களாம். ஆனால் ஆய்வகத்தில் இருந்தவை எதுவும் இவருடைய கிருமியைச் சீண்டவில்லை. அழுக்குத் தண்ணீர் எங்கே கிடைத்தாலும் கொண்டுவரும்படி டாக்டரம்மா பாட்டில்களைக் கொடுத்தனுப்பினார்.

அவள் தம்பி களத்தில் இறங்கினான். சந்தை வாய்க்கால், பேருந்து நிலையக் கழிப்பறை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அலைந்தான். நாத்தனார் வீட்டுக்கும் போகும்படி அக்காள்தான் அழுத்திச் சொன்னாள். "அங்க நிச்சயமா இருக்கும்டா. அவ வீட்டு லட்சணம் எனக்குத் தெரியாதா?"

சில நாள் கழித்து டாக்டரம்மா சிரித்த முகத்தோடு வந்தார். தட்டில் வளர்த்த கிருமிப் படலத்தில் ஒரே ஒரு பாட்டில் தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் கிருமி செத்து, பளிச்சென்று ஓட்டை விழுந்திருந்ததாம்.

"நாத்தனார் வீடுதானே?"

"இல்லம்மா. 'அக்கா வீடு, பாத்திரத் தொட்டி'ன்னு ஒட்டியிருக்கு."

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரைப் பார்த்தான். "ஒரு பாட்டில் மிச்சம் இருந்துச்சுக்கா. அதான், கை கழுவுறப்போ அப்படியே..."

தையற்காரர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. அவர் சிரித்துப் பல மாதமாகியிருந்தது. அதனால் அவரைத் திட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை.

"தினமும் வெந்நீர் ஊத்துறேன் டாக்டர்," என்றாள் ஈனஸ்வரத்தில்.

"குழாய் வளைவுக்குள்ள இந்த அழுக்கு எல்லார் வீட்டுலயும் இருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. அது அவளுக்கு ஆறுதலாகவே இல்லை.

புது மருந்தைப் பழைய ஊசிகளோடு சேர்த்துப் போட்டார்கள். சீழ் குறைந்தது, காய்ச்சல் விட்டது, புண் மூடியது. தையற்காரர் கடைக்கு நடந்தே போனார். அளவெடுக்க வந்தவர்களிடமெல்லாம் தன் வீட்டுத் தொட்டியின் மகிமையை அளந்தார். அவள் அந்தத் தெருப்பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

ஒருநாள் தொட்டியைத் தேய்க்கத் தூரிகையை எடுத்தபோது டாக்டரம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"கொஞ்ச நாளைக்குத் தொட்டியை ரொம்பத் தேய்க்காதீங்கம்மா. இன்னொருத்தருக்கும் தேடிப் பாக்கணும்."

"யாரு, வயசானவரா?"

"இல்ல, ரெண்டு சின்னப் பிள்ளைங்களோட அம்மா."

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"தம்பி வேணாம், ஊரெல்லாம் சொல்லிடுவான். நானே கொண்டுவர்றேன். ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் இருக்கில்ல?"