மஞ்சள் கால்

செனெசிக்குப் புதுக் கால் வந்த நாளிலிருந்து அவன் மனைவி பைண்டுவுக்கு நிம்மதி போய்விட்டது.

பைக் டாக்ஸி விபத்தில் போன காலுக்குப் பதிலாக அதைக் கொடுத்தது ஒரு தொலைபேசிக் கம்பெனி. பளீரென்ற மஞ்சள், கெண்டைக்காலில் கம்பெனியின் பறவைப் படம். கூடவே மஞ்சள் குடை, மஞ்சள் பை, குழந்தையைக் குளிப்பாட்ட மஞ்சள் வாளி. பறவை எப்போதும் வெளியே தெரிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதனால் அவனுடைய காற்சட்டைகளெல்லாம் ஒரு பக்கம் முழங்காலோடு நின்றன. சனிக்கிழமைகளில் கம்பெனி லாரிமேல் நின்று அவன் கையசைக்க, பக்கத்தில் மபிந்தி என்ற விளம்பரப் பெண் மஞ்சள் பாவாடையில் ஆடுவாள்.

அவர்கள் ஊரான கெனெமாவில் ஒரே துணி உடுத்தினால் ஒரே குடும்பம். சந்தையில் மிளகாய்க்காரி கேட்டேவிட்டாள்: "என்ன பைண்டு, உன் வீட்டுக்காரரும் அந்த லாரிக்காரியும் ஜோடித் துணி எடுத்திருக்காங்க போல?"

"அது துணி இல்லடி, கால்!"

பைண்டு மிளகாய் வாங்காமலே திரும்பிவிட்டாள்.

தன் தம்பி கல்யாணத்துக்குக் குடும்பத் துணியாக நீலக் காரா சாயத்துணியை அவளே தேர்ந்தெடுத்தாள். அன்றாவது அவன் தன்னவனாக நிற்பான். ஆனால் தையல்கார ஜாலோ தலையைச் சொறிந்தார். "துணி குறையுதே தாயி. உன் வீட்டுக்காரர் வந்து ஒரு துண்டு வெட்டி வாங்கிட்டுப் போனார். சொல்லலையா?"

அது மபிந்திக்குத்தான் என்று பைண்டு முடிவே கட்டிவிட்டாள். குடும்பத் துணியை ஒருத்திக்குக் கொடுப்பதும் அவளை வீட்டுக்குள் கூட்டி வருவதும் ஒன்றுதானே!

கல்யாணத்தன்று காலை, மூடிய அறைக்கு வெளியே நின்று வெடித்தாள். "அவளும் வர்றாளா? இப்பவே சொல்லிடு. நான் எங்கம்மா பக்கத்துல நின்னுக்கறேன்."

"எவ?"

"துணி கொடுத்தியே, அவதான்!"

கதவு திறந்தது. செனெசியின் கால் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை நீலக் காராவுக்குள் இருந்தது. பறவையைக் காணோம்.

"ஐயோ, கம்பெனிக்காரங்க பாத்தா காலைப் பிடுங்கிக்குவாங்களேய்யா!"

"லாரி மேல அது அவங்க கால். உன் பக்கத்துல நிக்கறப்ப என் கால். பிடுங்கினா, சாஞ்சுக்க உன் தோள் இருக்குல்ல?"

அவள் உடனே உருகிவிடவில்லை. குனிந்து தையலைப் பார்த்தாள். "யார் தச்சது?"

எந்தப் பெண்ணும் இவ்வளவு கோணலாகத் தைக்க மாட்டாள். அவன் மறைத்த கையைப் பிடித்து இழுத்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின புள்ளிகள்.

"இந்தக் கண்றாவியோடயா என் தம்பி கல்யாணத்துக்கு வருவே? உக்காரு."

ஊசியை எடுத்தாள்.

"பாத்துடி, சனிக்கிழமை கழட்டணும்."

"பட்டன் வைக்கறேன். அதை நான் கழட்டி விடறேன், நீ தொடாதே."