முப்பத்திரண்டே முக்கால் அங்குலம்

லைல் கோபெக்கிக்கு அந்த அளவு நாடாவைத் தூக்கி அடுப்பில் போட்டுவிடலாமா என்றிருந்தது. மூன்றாவது முறையும் அளந்தாகிவிட்டது. தோள் எலும்பிலிருந்து நடுவிரல் நுனிவரை முப்பத்திரண்டே முக்கால் அங்குலம். ஆறடி ஆறங்குலம் வளர்த்துவிட்ட கடவுளுக்கு இந்தக் கால் அங்குலத்தில் என்ன கஞ்சத்தனமோ!

"கைய நல்லா நீட்டுப்பா."

"இதுக்கு மேல நீட்டினா சட்டை கிழிஞ்சிடும் சார். அம்மா திட்டுவாங்க," என்றான் நீல்ஸ் ஹாவெர்சன். "சாரி சார்."

லைல் ஒரு தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால் அணிக்காகக் கல்லூரிப் பையன்களை எடைபோடுகிறவர். அணிக்கு அவசரமாக வேண்டியது ஓர் இடது டேக்கிள். பந்தை எறிகிறவனை நொறுக்க ஓடிவரும் தடியன்களைத் தடுத்து நிறுத்துவதுதான் அவன் வேலை. கை நீளம் முப்பத்து மூன்று அங்குலத்துக்குக் கீழே என்றால் பேச்சே கிடையாது என்பது மேலாளர் மட்டாரோ போட்ட சட்டம்.

மூன்று வருடத்துக்கு முன்பு லைல் சத்தியம் செய்து பிடித்துவந்தவனுக்கு முப்பத்தைந்து அங்குலக் கை. ஆனால் அந்தத் துரை, எதிராளியைக் கீழே தள்ளியதும் வேலை முடிந்ததென்று இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவான். நடுவர் விசில் ஊதும்வரை பொறுக்கமாட்டான். ஒருநாள், விழுந்தவன் எழுந்து போய்ப் பந்து எறிகிறவனின் தோளை முறித்துவிட்டான். "இன்னொரு தடவ இப்படிச் சொதப்பினா நேரா உன் மச்சானோட டயர் கடைக்குப் போயிடு," என்று மட்டாரோ அன்றைக்கே சொல்லிவிட்டார். லைலுக்கு டயர் வாசனையும் ஆகாது, மச்சானும் ஆகாது.

அதனால்தான் விஸ்கான்சின் மாநிலத்தின் இந்த மூலைக்கு, மார்ச் மாதச் சேற்றில் நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். வீட்டில் வைத்துப் பார்த்தால்தான் பையனின் குணம் தெரியும் என்பது அவர் கட்சி. டேக்கிளுக்குக் கொஞ்சம் கொடூரம் வேண்டும். இவனோ, வீடியோவில் பார்த்தால், கீழே தள்ளியவனைக் கைகொடுத்துத் தூக்கி முதுகு மண்ணைத் தட்டிவிடுகிறான். லைலுக்கு அழுகையே வந்தது.

"யாரையாவது அடிக்கணும்னு தோணியிருக்கா உனக்கு?"

நீல்ஸ் வெகுநேரம் யோசித்தான். "ஒரு சேவல, சார். ஆனா அடிக்கல."

நாசமாய்ப் போச்சு என்று லைல் நாடாவைச் சுருட்டினார். அப்போதுதான் சமையலறை மேசையில் இருந்த செர்ரி கேக் கண்ணில் பட்டது. காலையிலிருந்து வயிற்றில் வெறும் காப்பி. பசி காதை அடைத்தது.

"ஒரு துண்டு வெட்டிக்கிறேன்பா."

"வேணாம் சார். அது சர்ச் விருந்துக்கு. அவங்க வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போயிருக்காங்க."

"ஓரத்துல ஒரு விள்ளல்தான்," என்று லைல் ஓரடி எடுத்துவைத்தார்.

மேசைக்கு முன்னால் நீல்ஸ் நின்றான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. லைல் இடதுபக்கம் நகர்ந்தார், அவனும் நகர்ந்தான். வலதுபக்கம் போனார், அங்கேயும் இருந்தான். முகத்தில் அதே பால்வடியும் களை. லைலுக்குள் முப்பது வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஆட்டக்காரன் கண் விழித்தான். ஒரு காலத்தில் இப்படிப்பட்ட டேக்கிள்களைச் சுற்றிக்கொண்டு ஓடித்தான் அவரும் பிழைத்தார். கோட்டைக் கழற்றிவிட்டு, தோளைத் தாழ்த்தி, நூற்றிருபது கிலோவோடு பாய்ந்தார். மார்பில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்தன. ஒரு நாற்காலி உருண்டது. லைல் தரையில் மல்லாந்து கிடந்தார்.

"சாரி சார். முதுகுல அடியா?"

"நல்ல அடி! பிரமாதமான அடி!" என்று லைல் முனகினார். அதற்குள் சட்டைப்பையில் போன் அலறியது. மட்டாரோதான்.

"யோவ் லைல், கை எவ்வளவு?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது முப்பத்து மூன்று. கால் அங்குலப் பொய், யாருக்குத் தெரியும்? லைல் கண்ணை மூடிக்கொண்டார்.

"முப்பத்திரண்டே முக்கால்."

"அப்ப வண்டிய எடு. அப்படியே டயர் கடைக்குத் திருப்பு."

"சார், ஒரு நிமிஷம். இங்க ஒரு செர்ரி கேக் இருக்கு. எனக்கும் அதுக்கும் ரெண்டடிதான். தலைகீழா நின்னு பாத்துட்டேன், தொட முடியல. தரையில கிடந்துதான் பேசுறேன்."

மட்டாரோ கெட்டவார்த்தை ஒன்றைப் பாதியில் நிறுத்தினார். "உன்னை அவன் தள்ளிட்டானா?"

"தள்ளிட்டான் சார்."

"தள்ளிட்டு? இப்ப என்ன பண்றான்? இடுப்புல கைய வச்சுட்டு நிக்கிறானா?"

லைல் தலையைத் திருப்பவில்லை. கிடந்த கிடையிலேயே, சத்தமில்லாமல், ஒரு கையை மேசைக் காலை நோக்கி நகர்த்தினார். நாலு விரற்கடைகூடப் போயிருக்காது. ஒரு பெரிய பூட்ஸ் அரையடி நகர்ந்து விரல்களுக்கு முன்னால் வந்து நின்றது. மிதிக்கவில்லை.

"சார்," என்றார் லைல், "இவனுக்கு இன்னும் விசில் ஊதல."



"உள்ள அளவையே எழுது. முப்பத்து மூணுன்னு மாத்தி எழுதின, கொன்னுடுவேன். நாளைக்கு நானே வந்து பாக்கறேன்," என்றார் மட்டாரோ. பிறகு குரலைத் தாழ்த்தினார். "செர்ரியா சொன்ன? எனக்கு ஒரு துண்டு எடுத்து வை."

லைல் தரையிலிருந்து நீல்ஸை அண்ணாந்து பார்த்தார். அவன் வருத்தத்தோடு தலையை ஆட்டினான்.

"முடியாது சார்," என்றார் லைல், சந்தோஷமாக.