பட்டறைப் பேட்டையின் தீர்ப்பு

அன்று காலை ஓவுசு என் கடை வாசலில் நின்றபடியே மக்காச்சோள மாவு உருண்டையான கெங்கியைப் பிட்டு, மிளகாய்த் துவையலில் தோய்த்து, மீனோடு தின்றான். மீன் முள்ளை நாய்க்குப் போட்டுவிட்டு, உதிரி பாகம் சுற்றி வந்த தாளில் விரலைத் துடைத்தான்.

"நீதிபதி அம்மா, வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். உங்க மெக்கானிக் டொங்கோர் இந்தத் தடவை சிரிச்சுக்கிட்டே குடுத்தாரு. அதான் பயமா இருக்கு."

"போடா. மம்பாங்லேருந்து வர்றப்ப கிழங்கு வாங்கிட்டு வா."

என் தம்பி ஓவுசு டாக்சி ஓட்டினான். குமாசி நகரின் பட்டறைப் பேட்டையில் நான் உதிரி பாகம் விற்கிறேன். இங்கே வேலை கெட்டுப்போனால் யாரும் போலீசுக்குப் போவதில்லை. சங்கத்தில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து விசாரிப்போம். கெடுத்த மெக்கானிக் மாஸ்டரே கூலி வாங்காமல் திரும்பச் செய்து தர வேண்டும். வண்டிக்காரருக்கு நஷ்டமில்லை, மாஸ்டருக்கும் பேர் கெடாது. எந்த அதிகாரியும் வந்து மிரட்டாமலே நாங்கள் ஒழுங்காக நடக்கிறோம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அதற்குச் சில நாள் முன்பு, டொங்கோர் பிரேக்கைச் சரியாகப் பார்க்கவில்லை என்று ஓவுசு சங்கத்துக்கு வந்தபோது, எல்லோர் முன்னாலும் கெஞ்சினான்.

"வேற மாஸ்டர்கிட்ட விடுங்கக்கா. இந்த ஆளுக்கு வேலை தெரியல."

மற்ற நால்வரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி என்றதும் விதியை வளைத்தாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

"எல்லாருக்கும் உள்ளதுதான் உனக்கும்," என்றேன்.

அதன் பிறகு அவன் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. நீதிபதி அம்மாதான்.

அன்று காலை கிளம்பிய வண்டிக்கு, மம்பாங் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் சங்கம் என் வீட்டுக்கு வந்தது. தலைவர் அசாரே ஒரு ஷ்னாப்ஸ் சாராயப் புட்டியை என் முன்னால் வைத்தார். அதை வாங்கிக்கொண்டால் சமாதானம். பிறகு விஷயம் போலீசு, கோர்ட்டு என்று வெளியே போகக் கூடாது. டொங்கோர் மன்னிப்புக் கேட்கும் முறைப்படி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்றார்.

"அஃபுவா, இது நம்ம வீட்டு விஷயம். போலீசு உள்ள வந்தா பேட்டையையே மூடிடுவான். இத்தனை குடும்பம் எங்க போகும்?" என்றார் அசாரே.

"என் தம்பி மட்டும் வெளியாளா?"

"இல்லைன்னுதானே வந்திருக்கோம்."

"என்னை நாலு வார்த்தை திட்டிடுங்கம்மா," என்றார் டொங்கோர்.

வண்டியை இரண்டாம் முறை அவரிடம் அனுப்பியது நான். அந்தப் புட்டியை யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

"முதல்ல வண்டியைப் பாக்கணும்," என்றேன்.

காவல் நிலையத்தின் பின்புறம், வண்டி முகம் நசுங்கிப் புல்லுக்குள் கிடந்தது. கான்ஸ்டபிள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்: "புகார் எழுதணுமாம்மா? இல்ல, விபத்துன்னு முடிச்சிடட்டா?"

நான் உடைந்த ஜன்னல் வழியே குனிந்து பார்த்தேன். கைப்பிரேக் முழுக்க மேலே இழுக்கப்பட்டிருந்தது. இறக்கத்தில் கடைசியாக அவன் அதையும் இழுத்துப் பார்த்திருக்கிறான்.

இன்னும் அப்படியேதான் இருக்கிறது. யாரும் அதை இறக்கிவிடவில்லை.