துபாய் ஐ.சி.

பாலக்கரை விக்டரிடம் கொடுத்தால் செத்த டேப்ரிக்கார்டரும் எழுந்து பாடும் என்று பேர். அந்தப் பேர்தான் மனுஷனைக் கெடுத்தது.

எண்பத்து நாலில் துபாயிலிருந்து லீவில் வந்த அப்துல் சுக்கூர், வீட்டிலிருந்த டேப்ரிக்கார்டரோடு, அங்கே வாங்கிய புது ஐ.சி. ஒன்றையும் கொண்டுவந்து நீட்டினார். எட்டுக் கால் வைத்த ஆப்-ஆம்ப். கேசட்டிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெரிதாக்கித் தருகிற சமாச்சாரம். பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டால் இரைச்சல் அடங்கும், குரல் தெளியும் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மூணு மாசம் தேடினேன் விக்டரண்ணே. பாத்துப் போடுங்க."

விக்டர் பார்க்கவில்லை. எந்தப் பக்கமாக வைப்பது என்று காட்ட ஐ.சி.யின் தலையில் ஒரு வெட்டு இருக்கும். அவர் தினமும் பிரிக்கிற செட்டுகளில் அது மேலே பார்க்கும். இந்த செட்டில் கீழே பார்த்தது. கைப்பழக்கத்தில் தலைகீழாகப் பற்றவைத்து சுவிட்சைப் போட்டார். புது ஐ.சி. பொசுங்கின வாடைதான் வந்தது. அடக் கண்றாவியே, நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட இப்படிச் செய்வானா! இருபது வருஷத் தொழில் என்று வெளியே சொல்லவே அவருக்குக் கூசியது.

பழைய ஐ.சி.யையே திரும்பப் பற்றவைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று செட்டைத் தூக்கிக்கொண்டு சுக்கூர் வீட்டுக்கே போனார்.

வாயைத் திறக்க விட்டால்தானே? சுக்கூர் கேசட்டைப் போட்டு, காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"மாஷா அல்லாஹ்! என்னா தெளிவு! அண்ணே, உங்க கைக்கு மோதிரம் போடணும்."

விக்டர் "வரேன் பாய்" என்று எழுந்துவிட்டார்.

வாசல் வரை வந்த சுக்கூரின் மனைவி ஹாஜிரா குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, நாலு வருஷமா அவுங்க பேசி அனுப்பின கேசட்டையெல்லாம் இதுலதான் கேட்டேன். இரைச்சல் அப்படியேதான் இருக்கு."

"தங்கச்சி, நான் வந்து..."

"அவுங்ககிட்ட சொல்லிடாதீங்க. அங்க மெஷின் பக்கத்துலயே நின்னு காது போயிடுச்சு. செட்டுலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டிருந்தாங்க. இப்ப நல்லா கேக்குதுங்கறாங்க. இருக்கட்டும்."

அவள் திட்டியிருந்தால்கூட விக்டர் தாங்கியிருப்பார்.

உள்ளேயிருந்து பாட்டு அலறியது. "அண்ணே, சத்தம் சுத்தமா கேக்குதா?" என்று சுக்கூர் கத்தினார்.

"கேக்குதுங்க பாய்" என்றார் விக்டர்.

சுக்கூருக்கு அது கேட்கவில்லை. மறுபடி கேட்டார். விக்டர் தொண்டை கிழிய அதே பொய்யை இன்னொரு தரம் சொன்னார்.