இடமிருந்து வலமாக

சன்னிவேலில் புஷ்பவல்லி வைத்த ரசம், இறக்கிய சற்று நேரத்தில் தானாகப் பிரிந்து, தக்காளி நறுக்காத முழுப் பழமாகவும் புளி உருண்டையாகவும் பச்சைத் தண்ணீரில் கிடந்தது. அந்த வாரம் முட்டை விலையும் ஏறியிருந்தது.

மகள் வெண்பா வேலைக்காகச் சுகர் லேண்ட் என்னும் ஊருக்குப் போனபோது விட்டுச்சென்ற மாங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைகளை புஷ்பவல்லி அடுப்பருகே வைத்துப் படித்ததுதான் காரணம். பழங்காலக் கோட்டை ஒன்றின் சமையல்காரனைப் பற்றிய கதை. அப்பாவும் மகளும் போட்டி போட்டுப் படித்தவை. புதுப் புத்தகம் வரும்போதெல்லாம் குமாரசாமி, "வெண்பா, மாங்கா வந்தாச்சு, உப்பு மிளகாய்த்தூள் எடுத்துட்டு வா" என்பார். அவர் இறந்த பிறகு புஷ்பவல்லி அவற்றை எடுத்தாள். வழக்கம்போல் இடப்பக்கம் திறந்தாள். அங்கே நிறுத்தச் சொல்லிப் பெரிதாக ஆங்கிலத்தில் போட்டிருந்ததை விளம்பரம் என்று நினைத்துத் தாண்டினாள். கதையில் கோட்டையின் பிரபு காலிக் கிண்ணத்தின் முன் திருப்தியாக உட்கார்ந்திருந்தார். பக்கம் திருப்பத் திருப்பக் கிண்ணம் நிறைந்தது. பிறகு அடுப்பு அணைந்து, மீன் ஆற்றுக்குப் போய்விட்டது. அந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பாத்திரங்களும் அப்படியே நடந்துகொண்டன.

ஃப்ரீசரில் குமாரசாமி கடைசியாகக் கிளறிய புளிக்காய்ச்சல் ஒரு டப்பா இருந்தது. அதை அவள் திறக்கவே இல்லை. அந்தக் கதை டிவி தொடராக வந்துவிட்டது, தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வருகிறேன், அப்பாவின் புளிக்காய்ச்சலைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம் என்று வெண்பா போனில் சொன்னாள். அப்பா அந்தத் தொடருக்காகத்தானே காத்துக்கொண்டிருந்தார் என்றாள்.

"சாப்பிட்டா தீந்துபோயிடும்டி," என்றாள் புஷ்பவல்லி.

வந்தவள் அம்மா படிக்கும் அழகைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, நீ ரிவர்ஸ்ல படிக்கிற. ரைட் சைடுல ஸ்டார்ட் பண்ணணும்."

புஷ்பவல்லி பிரிந்துபோன ரசத்தை நினைத்துப் பார்த்தாள். பிறகு தானே போய் டப்பாவை எடுத்துவந்தாள். தொடரில் எல்லாம் முன்னோக்கியே நடந்தது. அரிசி வெந்தது, வெந்தபடியே இருந்தது. இருவரும் சாதத்தில் பிசைந்து, டப்பாவை வழித்துச் சாப்பிட்டார்கள். காலி டப்பாவைப் பார்த்து வெண்பா அழுதாள். புஷ்பவல்லி புத்தகத்தை அதன் அருகில் வைத்து, இடப்பக்கம் திறந்து, நிதானமாகப் படித்துக்கொண்டே போய், கிண்ணம் நிறைந்த பக்கத்தில் பட்டென்று மூடினாள். டப்பா நிறைந்திருந்தது. மேலே நல்லெண்ணெய் மிதந்தது. இருவருக்கும் லேசாகப் பசித்தது.

அதிலிருந்து தேங்க்ஸ்கிவிங் என்றால் அந்த வீட்டில் அதே டப்பாதான். ஒரு வருஷம் ஒரு பக்கம் கூடுதலாகத் திருப்பிவிட்டதில் கடலைப்பருப்பு மட்டும் பச்சையாகிவிட்டது, வறுத்துப் போட்டுக்கொண்டார்கள். உப்பு குமாரசாமி போட்டபடியே இருந்தது.